தை மாசத்து மாம்பழ வாசனை

உங்க புள்ள உங்களுக்காக ஒரு பொய் சொல்றான்னு வச்சிக்கோங்க. அந்தப் பொய் வெளிய வராம இருந்தா நீங்க பொழைப்பீங்க. அத நீங்களே காட்டிக் குடுப்பீங்களா?

உடனே பதில் சொல்லாதீங்க. விக்டோரியாவும் அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும், "இதுல யோசிக்க இன்னா கீது?"ன்னுதான் சொல்லியிருப்பா.

விக்டோரியாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சுன்றது ஊருக்கே தெரிஞ்சதுதான். வாரத்துல மூணு நாள் ஆரம்பாக்கத்துல ரயில் ஏறி மெட்ராஸ் போவா. ஆஸ்பத்திரில படுத்து ரத்தத்த சுத்தம் பண்ணிக்கினு, தொவச்சிப் புழிஞ்ச துணி மாதிரி திரும்பி வருவா. புருஷன் மோசஸ், "எங்கிட்டேர்ந்து எடுத்துக்கோங்க"ன்னு மொத ஆளா போய் நின்னாரு. உனக்கு சக்கர வியாதி, போய்யான்னு அனுப்பிட்டாங்க. பொண்ணு ஏஞ்சலினப் பொன்னேரில கட்டிக் குடுத்திருக்கு, அது முழுகாம இருக்கு. மிச்சம் இருந்தது ஸ்டீபன். கும்மிடிப்பூண்டி சிப்காட்ல இரும்பு உருக்கற கம்பெனில வேல பாக்கறவன். அவனுக்கு எல்லாம் பொருந்திப் போச்சு. கிட்னி குடுக்க அனுமதி தர்ற கமிட்டியும் ஒத்துக்கிச்சு. திங்கக்கிழமை காலைல தாயும் புள்ளயும் வந்து சேந்துக்கோங்கன்னு சொல்லிட்டாங்க.

ஒரே ஒரு கண்டிஷன் மட்டும் அப்பவே போட்டிருந்தாங்க. ஆஸ்பத்திரில இந்த மாத்து ஆபரேஷன் வேலையெல்லாம் கவனிக்கற நர்மதா மேடம் ஸ்டீபன நேருக்கு நேரா பாத்து சொன்னாங்க.

"தம்பி, நீ சிகரெட் புடிப்பியா? ஒதட்டப் பாத்தாலே தெரியுது, பொய் சொல்லாத. பீடி, சிகரெட்டு, வாய்ல வச்சு இழுக்கற மிசினு, எதுவும் கூடாது. இன்னிலேர்ந்தே நிறுத்தணும். மயக்கத்துல இருக்கறப்போ நுரையீரல் மக்கர் பண்ணா உனக்குத்தான் ஆபத்து. காயமும் ஒழுங்கா ஆறாது. குடுக்கற ஆளு நல்லா இருந்தாத்தான் நாங்க கத்தியே எடுப்போம்."

பீடி தெரியும், சிகரெட் தெரியும். இழுக்கற மிசின மட்டும் மோசஸும் விக்டோரியாவும் கண்ணால பாத்ததில்ல. அதனால அந்த வார்த்தை அவங்க காதுல வுழுந்துச்சே தவிர, நிக்கல.

ஸ்டீபன் அன்னிக்கே பாக்கெட்டக் கசக்கி ரயில்லேர்ந்து வெளிய வீசினான். மோசஸ் அத ஊரெல்லாம் சொன்னாரு.

அந்த ஞாயித்துக்கிழமை காலைல ஆராதனை முடிஞ்சு வந்ததுலேர்ந்து மோசஸ் ஒரு எடத்துல நிக்கல. மத்தியானம் ஊட்ல ஜெபக்கூட்டம். யாருக்காவது ஆபரேஷன்னா அதுக்கு முன்ன சபை ஜனம் ஊட்டுக்கு வந்து ஜெபம் பண்றது அவங்க சபை வழக்கம். அதுல முக்கியமானது சாட்சி. கத்திக்குப் போற ஆளு எழுந்து நின்னு, தான் எதுலேர்ந்து விடுபட்டேன், கர்த்தர் தன்ன எப்படித் தயார் பண்ணாருன்னு எல்லார் முன்னாடியும் வாயத் தொறந்து சொல்லணும். அது சொல்லாம யாரையும் அனுப்ப மாட்டாங்க.

வாசல்ல பந்தல் போட்டு சேர் எறக்கியாச்சு. ஸ்பீக்கர் பொட்டியும் வந்தாச்சு.

"இன்னாமே, பாட்டு ஏத்தி வச்ச பென் டிரைவக் காணோம்?"

"என்னக் கேட்டா? நீதான தலகாணிக்கு அடில வச்சிக்கினு படுத்த?"

"பத்திரமா இருக்கட்டுமேன்னு வச்சேன். நாயி கவ்விக்கினு போயிருக்குமா?"

"நம்ம தெரு நாயிக்கு பாட்டு வேற கேக்குதா? உன் சட்டப் பைல பாரு."

மோசஸ் சட்டப் பைய ரெண்டு தடவ தட்டிப் பாத்துட்டு உள்ள போனாரு. ஆணில மாட்டியிருந்த ஸ்டீபனோட கம்பெனிப் பைய எறக்கிக் கொட்டினாரு. ஹெல்மெட்டு வுழுந்துச்சு, கை உறை வுழுந்துச்சு, ஒரு துண்டு வுழுந்துச்சு. கூடவே வெரல் நீளத்துக்கு, ஆரஞ்சுக் கலர்ல ஒண்ணு உருண்டு வந்துச்சு.

"தோ! புதுசு வாங்கி வச்சிக்கினு கீறான் பாரு. நைனாகிட்ட சொன்னா நான் புடிங்கிக்குவனா?"

ஸ்பீக்கர் பொட்டில சொருகினாரு. போவல. திருப்பி சொருகினாரு. தூசி இருக்கும்னு ஊதிப் பாத்தாரு. லுங்கில தொடச்சிட்டு மறுபடியும் குத்தினாரு.

"வாயே பொருந்தல மே. சைனா மாலு போல கீது."

"பொட்டிய ஒடச்சிடாத. குடு இங்க."

விக்டோரியா அத கைல வாங்கினா. வாங்கின ஒடனே மூக்குல ஏறிச்சு, மாம்பழ வாசனை.

இந்த வாசனை அவளுக்குப் புதுசில்ல. கொஞ்ச நாளாவே ஊட்ல அங்கங்க அடிச்சிக்கினு இருந்துச்சு. ஸ்டீபன் தலகாணில அடிக்கும், குளிச்சிட்டு வந்தா பாத்ரூம்ல அடிக்கும், தொவைக்கப் போட்ட சட்டையில அடிக்கும். தை மாசத்துல மாம்பழம் ஏது? ஏஞ்சலின் பொங்கலுக்கு வந்தப்போ குடுத்துட்டுப் போன சோப்பு போலன்னு நெனச்சிக்கினா. உண்மையச் சொல்லணும்னா அவளுக்கு அந்த வாசனை புடிச்சிருந்துச்சு. கிட்னி போனவங்க மாம்பழத்தத் தொடக் கூடாது. டாக்டர் மொத மொத எழுதின தடையில அதுவும் ஒண்ணு. திங்க முடியல, மோந்தாவது பாப்போம்னு ஒரு நாள் அவன் சட்டைய மொகத்துல வச்சிக்கினு உக்காந்திருக்கா.

இப்ப கைல இருந்தத திருப்பிப் பாத்தா. ஒரு முனை தட்டையா, ஒதடு வைக்கத் தோதா இருந்துச்சு. நர்மதா மேடம் சொன்னது அப்பதான் காதுலேர்ந்து உள்ள எறங்குச்சு. வாய்ல வச்சு இழுக்கற மிசினு.

பக்கத்து ஊட்லேர்ந்து சேர் தூக்கிக்கினு வந்த ஸ்டீபன் வாசப்படிலயே நின்னுட்டான். அவன் கண்ணு அம்மா கைல இருந்துச்சு.

"டேய், இது இன்னாடா, எதுலயும் சொருவ மாட்டேங்குது?" மோசஸ் கேட்டாரு.

"அது பென் டிரைவ் இல்ல நைனா. சார்ஜரு. கம்பெனில ஒருத்தனோடது."

"அப்ப பாட்டு?"

"போன்லேர்ந்து போட்டுக்கலாம். குடும்மா, நான் வச்சிக்கறேன்."

விக்டோரியா குடுக்கல. வெரல மூடிக்கினா. எடது கைல டயாலிசிஸ் ஊசி ஏத்தறதுக்காக பெருக்க வச்ச நரம்பு எப்பவும் விர்ருவிர்ருன்னு துடிச்சிக்கினு இருக்கும். வலது கைல இது.

"குடும்மா."

"பாஸ்டர் வந்துட்டாரு பாரு. போய் தண்ணி குடு."

பாஸ்டர் ராஜமாணிக்கம் வந்து உக்காந்தாரு. அவருக்குப் பின்னாடியே சபை ஜனம் வந்துச்சு. கடைசில, வழக்கம்போல, ரோசம்மாக்கா.

"இன்னாடி விக்டோ, மொகம் சுண்டிப் போய் கீது? நாளைக்குப் போய் சேந்தா புதுப் பொருள் மாட்டப் போறாங்க, சிரிச்சிக்கினு இருக்க வேணாவா?"

"சிரிச்சிக்கினுதான் கீறேன்கா."

"இதுவா சிரிப்பு? எம் மருமவ சோறு போடறப்போ சிரிக்கற மாதிரி கீது." அக்கா சொன்னதும் நாலு பேரு சிரிச்சாங்க. டீ வந்துச்சு. எல்லாருக்கும் ஒரு டம்ளரு. விக்டோரியாவுக்கு மட்டும் இல்ல. ஒரு நாளைக்கு அவளுக்கு இவ்ளோதான் தண்ணின்னு அளவு. ஒண்ணுக்குப் போவாத ஒடம்பு, குடிக்கற தண்ணியெல்லாம் உள்ளயே நின்னுடும். அவ அடுத்தவங்க டம்ளருங்களையே பாத்துக்கினு உக்காந்திருந்தா.

ரெண்டு பாட்டு பாடினாங்க. பாஸ்டர் ஜெபம் பண்ணாரு. அப்புறம் கண்ணத் தொறந்து ஸ்டீபனப் பாத்தாரு.

"தம்பி ஸ்டீபன், எழுந்து வாங்க. பெற்ற தாய்க்குத் தன் சரீரத்திலிருந்து கொடுக்க முன்வந்த பிள்ளை. கர்த்தர் உங்க வாழ்க்கையில செய்த அற்புதத்தை சபைக்கு முன்பாக சொல்லுங்க."

ஸ்டீபன் எழுந்தான். மைக்க வாங்கினான். அம்மாவோட மூடின கையப் பாத்தான். சொல்லிடுவான்னு விக்டோரியா நெனச்சா. சொல்லிடு ராஜா, இங்கயே சொல்லிடு. யாரு இன்னா சிரிச்சாலும் நான் பாத்துக்கறேன். மனசுக்குள்ள கெஞ்சினா.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம்," அவன் சொன்னான். "நான் கம்பெனில சேர்ற வரைக்கும் சிகரெட் தொட்டதில்ல. சேந்தப்புறம் புடிச்சேன். அம்மாவுக்கு நான் கிட்னி குடுக்கலாம்னு ஆனதும் ஆஸ்பத்திரில நிறுத்தச் சொன்னாங்க. நிறுத்திட்டேன். அன்னிலேர்ந்து இன்னிக்கி வரைக்கும் ஒரு சிகரெட்டு கூட வாய்ல வக்கல. கர்த்தர் என்ன... என்ன விடுவிச்சாரு."

"அல்லேலூயா!" ஜனம் கை தட்டுச்சு. ரோசம்மாக்கா கண்ணத் தொடச்சிக்கினு எழுந்து வந்து அவன் தலைல கை வச்சாங்க. மோசஸ் சேர்லேர்ந்து எழுந்துட்டாரு. தோள்ல இருந்த துண்ட எடுத்து மொகத்துல பொத்திக்கினாரு.

ஒரு சிகரெட்டு கூட. அது உண்மை. விக்டோரியா கைல இருந்தத இன்னும் இறுக்கிப் புடிச்சா. பொய் சொல்லத் தெரியாதவன், உண்மைய வச்சே பொய் சொல்லக் கத்துக்கினு இருக்கான். அதுவும் யாருக்காக?

அவ கை தட்டல. ஒரு கை மூடியிருந்துச்சுல்ல.

ஜனம் கலைஞ்சதும் அவ ஊட்டுப் பின்னாடி, தண்ணித் தொட்டிகிட்ட போய் நின்னா. எதுக்கால வயல்ல அறுப்பு மிசினு ஓடிக்கினு இருந்துச்சு. ஸ்டீபன் பின்னாடியே வந்தான்.

"அது பொகை இல்லம்மா. ஆவி. தண்ணி கொதிச்சா வருமே, அது மாதிரி."

"அப்ப எதுக்குடா மறைச்ச?"

ஸ்டீபன் தொட்டில கைய வுட்டு மொகத்தக் கழுவினான்.

"கடைசியா எப்ப இழுத்த?"

"காலைல."

"சர்ச்சுக்குப் போறதுக்கு முன்னயா, பின்னயா?"

"முன்ன." கொஞ்சம் நிறுத்திட்டு, "பின்னயும்."

"பாவிப் பயலே."

"சிகரெட்ட வுட்றதுக்குத்தான்மா இதப் புடிச்சேன். சத்தியமா. கம்பெனில ஒருத்தன் சொன்னான், இதுல ஒண்ணும் ஆவாது, சிகரெட்டு தானா வுட்டுப் போய்டும்னு. அது வுட்டுப் போச்சு. இது புடிச்சிக்கிச்சு."

"வேலைக்குப் போற எடத்துல உன்ன யார்ரா இழுக்கச் சொல்றது? கம்முனு வேலயப் பாத்துட்டு வர வேண்டியதுதான?"

ஸ்டீபன் சிரிச்சான். நல்ல சிரிப்பு இல்ல.

"நீ அந்த ஃபர்னஸ் பக்கத்துல நின்னதில்ல. மொகம் வெந்து போய்டும். வெளிய வந்து ஒரு வாய் காத்து வாங்கணும்னா பீடி பிரேக்கு ஒண்ணுதான் வழி. குப்புராஜ் மேஸ்திரி, புடிக்கிறவனத்தான் வெளிய வுடுவாரு. புடிக்காதவனுக்கு எதுக்குடா பிரேக்குன்னு கேப்பாரு. நான் அதுக்குத்தான் மொத மொத சிகரெட்டப் பத்த வச்சேன். பாதிப் பேரு அப்படித்தான்."

"நிறுத்தினதுக்கப்புறம் வெறுங்கையோட போய் நிக்க வேண்டியதுதானடா."

"நின்னேன். 'டேய், கைலயும் இல்ல, வாய்லயும் இல்ல, இன்னாத்துக்கு நிக்கற, உள்ள போடா'ன்னாரு. எல்லாரும் சிரிச்சானுங்க. அம்மாவுக்கு ஆபரேஷன் சார், நிறுத்திட்டேன்னு சொன்னேன். 'நல்ல விஷயம், உள்ள போய் இரும்பு ஊத்தற கரண்டியப் புடி'ன்னாரு."

விக்டோரியாவுக்கு அந்த மேஸ்திரிய நாலு வார்த்தை கேக்கணும் போல இருந்துச்சு. கேட்டு இன்னா ஆவப் போவுது?

"சரி. நாளைக்கு நர்மதா மேடம்கிட்ட நீயே சொல்லிடு. நான் கூட நிக்கறேன்."

"சொன்னா தள்ளி வச்சிடுவாங்க."

"வக்கட்டும்."

"வக்கட்டுமா? போன வாரம் ரயில்ல உனக்கு மூச்சு வாங்கினப்போ யாரு புடிச்சிக்கினு இருந்தது? நான்தான? ஒதடெல்லாம் நீலமாப் போச்சு. இன்னும் எவ்ளோ நாள் தாங்குவ நீ?"

"டேய்..."

"சபை முன்னாடி சாட்சி வேற சொல்லிட்டேன். நைனா அழுதத நீ பாத்தல்ல? நாளைக்கு அவரு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? ஆபரேஷன் முடியட்டும், நானே தூக்கிப் போட்றேன். நீ மட்டும் வாயத் தொறக்காத."

"முடியாதுடா. மயக்கத்துல உனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

ஸ்டீபன் மொள்ளமா சொன்னான்.

"நீ பாத்ரூம் கொழாயத் தொறந்து வுட்டு தண்ணி குடிக்கறது எனக்குத் தெரியாதா? குளிக்கறேன் குளிக்கறேன்னு உள்ள போய் கைல புடிச்சு குடிக்கற. எத்தினி தடவ பாத்திருக்கேன். நைனாகிட்ட சொன்னனா? டாக்டர்கிட்ட சொன்னனா?"

விக்டோரியா தண்ணித் தொட்டிய புடிச்சிக்கினா.

அவளுக்குத் தெரியும், அந்தத் தண்ணிதான் ரயில்ல மூச்ச அடைக்குதுன்னு. தெரிஞ்சேதான் குடிக்கறா. நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கினு, தொண்டைல மணல் கொட்டின மாதிரி ஆவறப்போ, கர்த்தராவது டாக்டராவது, எதுவும் ஞாபகத்துக்கு வராது. கொழாய்தான் ஞாபகத்துக்கு வரும்.

"என்ன எடை மிசின் காட்டிக் குடுத்துரும்டா," அவ சொன்னா. "ஒவ்வொரு தடவையும் ஏத்தி நிறுத்தி, தண்ணி கூட குடிச்சியான்னு திட்டிட்டுத்தான் படுக்க வைக்கறாங்க. உன்ன எது காட்டிக் குடுக்கும்?"

"எதுவும் இல்ல." அவன் அம்மா மொகத்தப் பாத்தான். "நீ ஒருத்திதான்."

அந்த நேரம் அவளுக்கு ஒண்ணு தோணுச்சு. தோணியிருக்கக் கூடாது. ஆனா தோணுச்சு. ஆபரேஷன் மட்டும் முடிஞ்சிட்டா சொம்பு நெறைய தண்ணி குடிக்கலாம். கேக்க ஆள் இல்லாம, அளக்க ஆள் இல்லாம, கழுத்த அண்ணாந்துக்கினு மடக்கு மடக்குன்னு குடிக்கலாம். ஒரு நிமிஷம், சரி போவட்டும், வாய மூடிக்குவோம்னு நெனச்சிட்டா. பெத்த வயிறு இப்படியும் நெனைக்குமான்னு அடுத்த நிமிஷம் அவளே பயந்து போய் அங்கேர்ந்து நவுந்தா. கைல இருந்த இழுக்கற மிசின மாத்திரை டப்பாக்குள்ள போட்டு மூடினா. அந்த டப்பாவ அவளத் தவிர யாரும் தொட மாட்டாங்க.

உள்ள மோசஸ் பைல துணி அடுக்கிக்கினு இருந்தாரு. ஃபிளாஸ்க்கு, தட்டு, சோப்பு, பைபிள், எல்லாம் வரிசையா பாய் மேல இருந்துச்சு.

"இன்னாமே, கருப்புச் சட்டை போட்டுக்கினு போவட்டுமா, இல்ல வெள்ளையா?"

"ஆபரேஷன் உனக்கா?"

"டாக்டருங்க முன்னாடி நிக்கறது நான்தான? நீங்க ரெண்டு பேரும் பச்சத் துணியப் போட்டுக்கினு படுத்துக்குவீங்க."

"இந்தா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு." அவரு துணிய மடிச்சிக்கினே, அவள சொல்ல வுடாம தானே ஆரம்பிச்சாரு. "அன்னிக்கி எனக்கு சக்கரன்னு திருப்பி அனுப்பினாங்கல்ல, அன்னிக்கி நான் டீ குடிச்சிட்டு வரேன்னு போனேனே. டீ குடிக்கல மே. ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டுல உக்காந்து அழுதேன். இருவத்தஞ்சு வருஷமா எங்கூட குப்பை கொட்டினவளுக்குக் குடுக்க எங்கிட்ட ஒரு நல்ல உறுப்பு இல்லையேன்னு. இன்னிக்கி இவன் நின்னு சாட்சி சொல்றான். எம் புள்ள. எனக்கு அது போதும்."

"ம்."

"நீ இன்னா சொல்ல வந்த?"

"வெள்ளச் சட்டையே போட்டுக்கோ."

அதுக்கு மேல அவளால அங்க நிக்க முடியல. போன எடுத்துக்கினு வாசலுக்கு வந்து நர்மதா மேடத்துக்குப் போட்டா. ஞாயித்துக்கிழமை, எடுக்க மாட்டாங்கன்னு ஒரு தைரியம். எடுத்துட்டாங்க. அந்தப் பக்கம் ஏதோ கொழந்தை அழற சத்தம்.

"சொல்லுங்கம்மா. நாளைக்கு வர்றீங்கல்ல?"

"வரோம் மேடம்."

"தம்பி எப்படி இருக்காரு? பயப்படலையே?"

"இல்ல மேடம். நல்லா இருக்கான்."

"பின்ன இன்னாம்மா?"

வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துச்சு. நாக்கு காஞ்சு கெடந்துச்சு.

"ஒண்ணுமில்ல மேடம். நாளைக்கு... தண்ணி கொஞ்சம் கூட குடிக்கலாமா?"

"கூடாதும்மா. எப்பவும் சொல்ற அதே அளவுதான். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க, அப்புறம் கொடம் கொடமா குடிக்கலாம்." அவங்க சிரிச்சிக்கினே வச்சிட்டாங்க.

விக்டோரியா போனப் பாத்துக்கினு நின்னா. நல்ல பொம்பள. அவங்ககிட்டயே சொல்ல முடியல.

பொழுது சாஞ்சதும் அவ சமையக்கட்டுக்குப் போனா. அங்க விளக்கு போடாம ஸ்டீபன் நின்னுக்கினு இருந்தான். டப்பாவ டப்பாவாத் தொறந்து பாத்துக்கினு இருந்தான். மொளகாத் தூள் டப்பா, பருப்பு டப்பா, அவளோட தையல் டப்பா கூட. அம்மா வந்தது தெரிஞ்சும் நிறுத்தல.

"ஒளிச்சி வக்கறதுக்குத் தேடறியா, இழுக்கறதுக்குத் தேடறியா?"

அவன் திரும்பினான். நெத்தியெல்லாம் வேர்த்திருந்துச்சு.

"ஒரே ஒரு தடவம்மா. அதோட முடிச்சிக்கறேன். மத்தியானத்துலேர்ந்து இதே நெனப்பா கீது. கையப் பாரு." நீட்டினான். உருக்கின இரும்ப ஊத்தற கை, பூவரச எல மாதிரி ஆடுச்சு.

திட்டணும்னு நெனச்சா. அறையணும்னு நெனச்சா. அவளுக்கு அந்த நடுக்கம் தெரியும். கொழாய் முன்னாடி அவ கையும் இப்படித்தான் ஆடும்.

மாத்திரை டப்பாவத் தொறந்து அந்த மிசின எடுத்துக் குடுத்தா.

அவன் வாங்கி வாய்ல வச்சு இழுத்தான். முனைல ஒரு சின்ன வெளிச்சம் எரிஞ்சு அணைஞ்சுது. சமையக்கட்டு பூரா மாம்பழ வாசனை. கண்ண மூடிக்கினு சொவத்துல சாஞ்சான். சின்னப் புள்ளைல ஜொரம் எறங்கினதும் இப்படித்தான் சாஞ்சிக்குவான்.

அப்புறம் கண்ணத் தொறந்தான். ஒண்ணும் பேசாம குடத்துலேர்ந்து ஒரு டம்ளர் தண்ணி மொண்டான். அம்மாகிட்ட நீட்டினான்.

அவளோட அன்னிக்கு அளவு மத்தியானமே முடிஞ்சு போயிருந்துச்சு. அவனுக்கும் அது தெரியும்.

"குடிம்மா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவ வாங்கினா. குடிச்சா. ஒரு சொட்டு கூட மிச்சம் வக்கல. தாயும் புள்ளயும் இருட்டுல ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்காம நின்னாங்க. வெளிய மோசஸ் யார்கிட்டயோ போன்ல சத்தமா பேசிக்கினு இருந்தாரு, "ஆமாப்பா, சபை முன்னாடியே சொல்லிட்டான்பா, எம் பையன்!"

அவ கைய நீட்டினா. ஸ்டீபன் மிசினத் திருப்பிக் குடுத்தான். அவ அத டப்பாக்குள்ள, மாத்திரைங்க நடுவுல போட்டு மூடினா. காலைல ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போற பைல அந்த டப்பாவ வச்சா.

"தூக்கிப் போட்டுடும்மா அத," அவன் சொன்னான்.

"ம்."

மறுநாள் காலைல மூணு பேரும் ரயில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. நர்மதா மேடம் ஸ்டீபனக் கேட்டாங்க. எதுவும் இல்லைன்னான். மோசஸக் கேட்டாங்க. சபையிலயே சாட்சி சொல்லிட்டான் மேடம்னாரு. விக்டோரியாவ யாரும் கேக்கல. அவ மாத்திரை டப்பாவத் தொறந்து மிசின மேசை மேல வச்சா. நேத்து சாயங்காலம் இழுத்தான், நான்தான் குடுத்தேன்னு சொன்னா. ஆபரேஷனத் தள்ளி வச்சிட்டாங்க. புதுத் தேதி சொல்லல. திங்கக்கிழமை டயாலிசிஸ் நாள்ன்றதால அவள அங்க அனுப்பினாங்க. எடை மிசின்ல ஏறி நின்னா, எடை கூடதான் காட்டுச்சு. உள்ள போறதுக்கு முன்ன திரும்பிப் பாத்தா. பெஞ்சுல வெள்ளச் சட்டையோட மோசஸ் மட்டும் உக்காந்துக்கினு இருந்தாரு. ஸ்டீபன் ரெண்டாம் ஷிப்டுக்குப் போயிட்டான்.